பத்து விரல் ரேகையும் ஒரு பிள்ளையின் அறிவும்: கைரேகை நுண்ணறிவுச் சோதனை பற்றி ஒரு தாயின் மதிப்புரை

சென்ற கோடை விடுமுறையில், ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருந்த என் மகளை எங்கள் நகரில் உள்ள கைரேகை நுண்ணறிவுச் சோதனை மையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். டி.எம்.ஐ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சோதனையில், பிள்ளையின் பத்து விரல் ரேகைகளையும் ஒரு சிறு ஸ்கேனரில் பதிந்து, பிறவியிலேயே அமைந்த அறிவுத்திறன்கள் எவை, எந்த வழியில் சொல்லிக்கொடுத்தால் பாடம் மனத்தில் பதியும், எந்தப் படிப்பு பொருந்தும் என்றெல்லாம் கணித்துச் சொல்வதாகக் கூறுகிறார்கள். கட்டணம் 4,500 ரூபாய். பத்து நாள் கழித்து 38 பக்க வண்ண அறிக்கையும் ஒரு மணி நேர ஆலோசனையும் கிடைத்தன. அக்கம்பக்கத்துப் பெற்றோர் பலர் போகலாமா என்று என்னிடம் கேட்பதால், அங்கு நடந்ததையும் அதன்பின் நான் படித்தறிந்ததையும் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போக வேண்டாம்.

மையத்தின் மீது வேறு குறை எதுவும் இல்லை. இடம் தூய்மையாக இருந்தது. பணியாளர்கள் பிள்ளையிடம் அன்பாக நடந்துகொண்டார்கள். சொன்ன நாளில் அறிக்கை வந்தது. குறை முழுவதும் அந்த அறிக்கைக்குள்தான் இருக்கிறது.

அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் நுண்ணறிவு எட்டு வகையாகப் பிரித்து வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு தசம இடம் வரை ஒரு சதவீதம் தரப்பட்டிருந்தது. என் மகளுக்குத் தர்க்க-கணித நுண்ணறிவு 7.18 சதவீதம், எட்டாவது இடம். கணிதம் சார்ந்த உயர்படிப்புகளைத் தவிர்ப்பது நல்லது என்று பக்கத்திலேயே ஒரு பரிந்துரை. அவள் பார்த்தோ கேட்டோ கற்பவள் அல்லள், உடலியக்கத்தின் வழியே கற்பவள் என்று அடுத்த பக்கம் சொன்னது. நான் அதைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். ஆனால் அவளும் படித்திருக்கிறாள். பள்ளி திறந்து சில வாரங்களில், பின்னக் கணக்கு ஒன்றில் தடுமாறியவளை இன்னொரு முறை போட்டுப் பார்க்கச் சொன்னபோது, "எனக்குத்தான் கணக்கு வராதுன்னு அதுல போட்டிருக்குல்லம்மா" என்று நோட்டை மூடினாள். பத்து வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து அந்தச் சொற்களைக் கேட்டபோதுதான் நான் எதற்குப் பணம் கொடுத்தேன் என்பது எனக்கு உறைத்தது.

அதே வாரம் வெள்ளிக்கிழமை காலையில், என் மாமியாருடன் அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் 7 புள்ளி வைத்து, இரு புறமும் இடைப்புள்ளியாக 4 வரை குறைத்துக்கொண்டே வரும் கோலம் அது. மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன். அவள் எண்ணவில்லை. "மேல 6, 5, 4 சேர்ந்தா 15, கீழயும் 15, நடுவுல 7, மொத்தம் 37" என்றாள். 15 புள்ளியில் தொடங்கி 8 வரை வந்தால் எத்தனை என்றதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டு 169 என்று சரியாகச் சொன்னாள். நம் வீட்டு வாசல் கோலத்தில் உள்ள இந்த ஒழுங்கைத்தான் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கணினி அறிவியலின் வடிவ இலக்கணங்களாக, அதாவது சில விதிகளைக் கொண்டு வடிவங்களை உருவாக்கும் முறைகளாக, ஆராய்ந்தார்கள். இதைச் செய்யும் பிள்ளைக்குக் கணிதத் திறன் கடைசி இடம் என்று ஒரு கருவி சொன்னால், அந்தக் கருவி எதை அளந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் பெயர் இருக்கிறது. பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை 1983இல் முன்வைத்தவர் அவர். மொழி, தர்க்கம்-கணிதம், இசை, இடம்சார் அறிவு, உடலியக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல் என்று முதலில் ஏழு வகைகளைச் சொன்னார். இயற்கையை வகைப்படுத்தி அறியும் திறனைப் பின்னர் சேர்த்தார். அறிவு என்பது ஒற்றை எண்ணில் அடங்கிவிடாது என்ற அவருடைய கருத்து ஆசிரியர்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றது. உளவியல் ஆய்வாளர்களிடையே அதற்கு வலுவான மறுப்பும் உண்டு. ஒரு திறனில் மேம்பட்டவர்கள் மற்றவற்றிலும் மேம்பட்டிருக்கும் போக்கு 1904இல் உளவியலாளர் ஸ்பியர்மன் காட்டிய காலத்திலிருந்து திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், கார்ட்னரின் கோட்பாட்டில் விரல் ரேகைக்கு இடமே இல்லை. 1980களில் உளவியலாளர் டேவிட் ஃபெல்ட்மனுடன் சேர்ந்து அவர் நடத்திய ஸ்பெக்ட்ரம் என்ற திட்டத்தில், மழலையர் வகுப்புப் பிள்ளைகளின் திறன்களை அறிய அவர்கள் கையில் பொருள்களைக் கொடுத்து விளையாடவிட்டுக் கவனித்தார்கள். கையால் சுற்றி உணவு அரைக்கும் ஒரு கருவியைப் பிரித்துவிட்டுத் திரும்பப் பூட்டுவது அவற்றுள் ஒன்று. பிள்ளை எந்தத் திருகை முதலில் கழற்றுகிறது, பொருந்தாதபோது என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால்தான் அந்தப் பிள்ளையின் அறிவு வேலை செய்யும் விதம் தெரியும். அதற்குப் பொறுமையும் பல மாதக் காலமும் வேண்டும். ஸ்கேனருக்கு இருபது நிமிடம் போதும்.

ரேகைகளைப் பற்றிய அறிவியல் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. உடற்கூறியலாளர் ஹரால்ட் கம்மின்ஸ் 1926இல் அதற்கு டெர்மட்டோகிளிஃபிக்ஸ் என்று பெயர் சூட்டினார். டவுன் நோய்க்குறி உள்ளவர்களின் உள்ளங்கை ரேகைகளில் தனித்த அமைப்பு காணப்படுவதை அவரே பின்னர் எடுத்துக்காட்டினார். இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு, ரேகையும் மூளையும் கருவில் ஒரே காலத்தில் உருவாவதால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சொல்லலாம் என்கிறார்கள். கருவின் பத்தாவது வார அளவில் ரேகைகள் உருவாகத் தொடங்குகின்றன என்பது சரி. ஆனால் அதே காலத்தில்தான் சிறுநீரகமும் காதும் வளர்கின்றன; சேர்ந்து வளர்வதால் ஒன்று மற்றொன்றின் சாட்சியாகிவிடாது. சங்கும் சக்கரமும் எப்படி அமைகின்றன என்பது, கருவின் விரல் நுனியில் தற்காலிகமாகப் புடைத்திருக்கும் மெத்தை போன்ற பகுதியின் உயரத்தையும் வடிவத்தையும் பெரிதும் பொறுத்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்து உருவான இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ரேகைகள் ஒன்றாக இருப்பதில்லை. அறிவுத்திறன் சோதனைகளிலோ அவர்களின் மதிப்பெண்கள் மிக நெருக்கமாக அமைகின்றன. என் பாட்டி பேரப்பிள்ளைகளின் விரல்களைப் பிடித்துச் சக்கரம் எத்தனை, சங்கு எத்தனை என்று எண்ணிப் பலன் சொல்வார். அது பாசத்தில் சொன்னது, கட்டணம் வாங்கிச் சொன்னதில்லை. இந்திய மனநல மருத்துவர் சங்கம் இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது என்பதை நான் பணம் கட்டிய பிறகுதான் அறிந்தேன்.

அந்தச் சதவீதங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எட்டையும் கூட்டிப் பார்த்தேன். சரியாக 100 வந்தது. அப்படியானால் எட்டிலும் சிறந்த பிள்ளைக்கும் எட்டிலும் பின்தங்கிய பிள்ளைக்கும் ஒரே மொத்தம்தான் வரும். ஒரு திறனுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொன்றிலிருந்து கழித்தே ஆக வேண்டும். ஏதாவது ஒரு திறனைக் கடைசி இடத்தில் உட்கார வைக்காமல் அந்தக் கணக்கு முடியாது. 7.18 என்பது எதில் ஏழு பங்கு என்று நான் கேட்டபோது, மென்பொருள் தருகிற மதிப்பு என்பதற்கு மேல் ஆலோசகரால் விளக்க இயலவில்லை.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்ற பிரிவினையை நான் நீண்ட காலம் நம்பியிருந்தேன். பல ஆசிரியர்களும் நம்புகிறார்கள். பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் இதற்கான ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, பிள்ளையின் வகைக்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். தம் கோட்பாடும் இதுவும் ஒன்றல்ல என்று கார்ட்னரே 2013இல் தெளிவுபடுத்தினார். தேசப்படத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், தாளத்தைக் காதால்தான் கேட்க வேண்டும். வழியைத் தீர்மானிப்பது பாடத்தின் தன்மை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படுவதாக ஆய்வுகள் காட்டும் முறை வேறொன்று இருக்கிறது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பவும் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது, ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது. நாங்கள் இப்போது வீட்டில் செய்வது இவ்வளவே: இரவுச் சாப்பாட்டுக்குப் பின் புத்தகத்தை மூடிவைத்து, அன்று படித்ததில் நினைவுக்கு வருவதை ஒரு தாளில் எழுதுகிறாள், விட்டுப்போனதைப் புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையால் சேர்க்கிறாள், மூன்று நாள் கழித்து அதே பாடத்தை மறுபடி எழுதுகிறாள். முதல் வாரத்தில் தாளில் சிவப்புதான் அதிகம் இருந்தது. இப்போது பின்னக் கணக்கில் அவள் நோட்டை மூடுவதில்லை.

இன்னொரு கவலையும் எனக்கு இருக்கிறது. ஐந்து வயதில் ஆதாருக்குக் கொடுத்த அதே பத்து விரல்களின் பதிவு இன்று ஒரு தனியார் கணினியிலும் இருக்கிறது. பிள்ளைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நான் கையெழுத்திட்ட ரசீதில் அப்படி ஒரு வரியும் இல்லை. பதிவை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தருமாறு இருமுறை கடிதம் அனுப்பியும் இன்னும் பதில் வரவில்லை.

ஐந்துக்கு ஒரு மதிப்பெண் தருகிறேன், அதுவும் அந்த ஆலோசகருக்காக. அவர் என் மகளிடம் அவசரப்படாமல் பேசினார். ஓய்வு நேரத்தில் என்ன செய்யப் பிடிக்கும் என்று கேட்டார். அவள் கோலத்தைப் பற்றியும், சிக்குக் கோலத்தில் கோடு கையெடுக்காமல் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதைப் பற்றியும் மேசையில் விரலால் வரைந்து காட்டிச் சொன்னாள். அவரும் ஆர்வமாகவே கேட்டுக்கொண்டார். ஆனால் அறிக்கை அதற்கு முன்பே அச்சாகி, கட்டப்பட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் மேசை மேல் இருந்தது.