வாசனை இல்லாத பூனை மணல்: மூன்று மாதம் பாவித்த பிறகு

கல்லடியில் எங்கள் வீட்டுப் பூனை சுந்தரி மணல் பெட்டியை விட்டுவிட்டு அம்மாவின் பன்பாயில் சலம் விடத் தொடங்கினாள். முதலில் மிருக வைத்தியரிடம் காட்டினேன். நோய் எதுவும் இல்லை என்றார். (ஆண் பூனை முக்கியும் சலம் வராவிட்டால் அன்றைக்கே கொண்டு ஓடுங்கள், உயிருக்கே ஆபத்து.) குறை மணலில்தான். நான் வாங்கியிருந்தது லாவெண்டர் வாசம் போட்டது. சுந்தரி விளிம்பில் நின்று ஒரு காலை வைத்துப் பார்ப்பாள், உதறிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

சரி என்று, டவுனில் வாசனை இல்லாத பென்டோனைட் (ஒரு வகைக் களிமண்) மணல் 5 கிலோ பை எடுத்தேன். நல்ல மென்மை. சலம் பட்ட இடம் உருண்டையாக இறுகிவிடும், அள்ளுவது சுகம். மூன்று விரல் உயரத்துக்குப் போட்டேன். நான்காம் நாள் தோண்டி, இருந்து, வடிவாக மூடிவிட்டு வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தூசி கொஞ்சம் கூடுதல், மெதுவாகக் கொட்டுங்கள். மாரியில் பையை இறுக்கிக் கட்டாவிட்டால் ஈரம் இழுத்துவிடும்.

பாயைக் காப்பாற்ற முடியவில்லை. தரையைச் சல மணத்தை அழிக்கும் என்சைம் திரவத்தால் துடைத்தேன். அமோனியா கலந்தது வேண்டாம், அந்த மணத்துக்கே பூனை திரும்ப வரும்.