பழைய போர்விமானம் பார்க்க டெல்லி பாலமா, பெங்களூரு எச்ஏஎல்லா?

பெங்களூருக்காரர்களுக்கு எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) விமானத் தொழிற்சாலையின் அருங்காட்சியகம் பக்கம்தான். அல்சூரிலிருந்து பழைய ஏர்போர்ட் ரோட்டைப் பிடித்தால் போதும். டெல்லியின் பாலம் (Palam) பகுதியிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் போட்டுத்தான் போக வேண்டும். இரண்டிலும் விமானம் நிற்கிறது என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு.

இரண்டாம் உலகப் போர்க்கால விமானம்தான் வேண்டுமென்றால் பாலம்தான், மறுபேச்சில்லை. ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர், லைசாண்டர் எல்லாம் அங்கே உண்டு. வாபிட்டி இரட்டை இறக்கை விமானம் உலகில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். துணி போர்த்திய உடம்பு வெயில் மழை தாங்காது, அதனால் கூரைக்குள் இருக்கிறது. ஜப்பானியரின் ஓகா என்ற தற்கொலைத் தாக்குதல் விமானத்தைப் பலர் ஏதோ பொம்மை ராக்கெட் என்று தாண்டிவிடுகிறார்கள். மூக்கில் 1,200 கிலோ வெடிகுண்டு, வாலில் மூன்று ராக்கெட், நடுவே ஒருவர் உட்கார இடம். குனிந்து பாருங்கள்: சொந்தச் சக்கரமே கிடையாது. தரையிறங்கும் வேலை அதற்கு இல்லை.

வெளியே நிற்கும் லிபரேட்டர் பெங்களூரோடு ஒட்டிய கதை. போர் முடிந்ததும் கான்பூரில் கைவிட்டுப் போன இந்த நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களை, எச்ஏஎல் ஒட்டுப்போட்டுப் பெங்களூருக்குப் பறக்கவிட்டுக் கொண்டுவந்து, இங்கே பிரித்துச் சீராக்கியது. 1968 வரை விமானப்படையில் ஓடின.

எச்ஏஎல்லில் அப்படிப் போர்க்காலச் சரக்கு இல்லை. பெரும்பாலும் 1940-இல் தொடங்கிய தொழிற்சாலையின் சொந்தத் தயாரிப்புகள்தான்: எச்டி-2, கிரண், அஜீத், மாருத். ஆனால் மாருத் ஜெட் போர்விமானம் ஒன்றுக்காகவே போகலாம். ஜெர்மானியர் குர்ட் டாங்க் வடிவமைத்தது, 1961-இல் முதலில் பறந்தது. பக்கவாட்டுக் காற்றுவாயில் அரைக்கூம்பு துருத்திக்கொண்டிருக்கும், உடம்பு இடுப்பில் ஒடுங்கியிருக்கும். இரண்டும் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்துக்கான ஏற்பாடு. அந்த வேகத்துக்கேற்ற எஞ்சின் கடைசிவரை வரவில்லை. ஆர்ஃபியஸ் எஞ்சின் இரண்டைப் போட்டு ஒப்பேற்றினார்கள். அந்த உடம்புக்கு அது பத்தவில்லை. உள்ளே எஞ்சின் கூடத்தில் வெட்டிக்காட்டியிருக்கும் எஞ்சின்களை முதலில் பார்த்துவிட்டு வெளியே வந்தால், மாருத்தின் வருத்தம் சட்டென்று புரியும்.

மும்பையை இந்தக் கணக்கில் சேர்க்க வழியில்லை; அருங்காட்சியகமாக நின்ற பழைய விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்தை 2014-இல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

பிள்ளைகளோடு அரைநாள் என்றால் எச்ஏஎல் போதும், சிமுலேட்டரும் இருக்கிறது. பாலத்துக்கு முழுப் பகல் ஒதுக்குங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். திங்கள், செவ்வாய் விடுமுறை. வார இறுதியில் ஆக்ராவை முடித்துவிட்டுத் திங்களன்று இதைப் பார்க்கலாம் என்று போட்ட திட்டமெல்லாம் பூட்டிய கேட்டில்தான் போய் நிற்கும்.