டிடிரெஸ்க்யூ, போட்டோரெக்: பல வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டால் எல்லோரும் முதலில் தேடுவது ரெக்கவரி சாஃப்ட்வேரைத்தான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, உயிர் ஊசலாடும் டிஸ்கிலிருந்து நல்ல டிஸ்க் ஒன்றுக்கு முழுப் பிரதி எடுப்பது. அதற்கு நான் நம்பியிருப்பது டிடிரெஸ்க்யூ. அந்தோனியோ டியாஸ் டியாஸ் எழுதியது; குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்தது. காசு கிடையாது, அழகும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் ஓட்ட வேண்டும். விண்டோஸ்காரர்கள் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு வேலைக்கான லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி பூட் செய்தால் போதும், அதிலேயே இருக்கிறது.

விண்டோஸில் காப்பி போடும்போது கெட்ட செக்டார் (டிஸ்கில் படிக்க முடியாமல் போன சிறு பகுதி) எதிர்ப்பட்டால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்ப்பதில் டிஸ்கின் மிச்ச ஆயுளும் கரைந்துவிடும். டிடிரெஸ்க்யூ அப்படியில்லை. தகராறான இடத்தைத் தாண்டிப்போய், முதல் சுற்றில் சுலபமாக வருவதையெல்லாம் அள்ளிக்கொள்கிறது. விட்டுப்போன பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வந்து, அவற்றை ஓரத்திலிருந்து சுரண்டுகிறது. எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் ஊர் மின்சாரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

நல்ல நிலையில் உள்ள 1 டிபி டிஸ்க், நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடிபட்ட டிஸ்கில் கடைசிச் சில எம்பிக்கள் மட்டும் நாள்கணக்கில் இழுக்கும். அவ்வளவு பொறுமை தேவையா என்பது அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. கட்டளையில் மூலம் முதலில், பிரதி அடுத்து. மாற்றி அடித்தால் இருப்பதும் போய்விடும் என்பதால், டிஸ்க் லேபிளில் உள்ள சீரியல் நம்பரைத் திரையோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் என்டரைத் தட்டுவேன்.

பிரதி கைக்கு வந்ததும் டெஸ்ட்டிஸ்க். பார்ட்டிஷன் (C:, D: போன்ற டிஸ்க் பிரிவு) காணாமல் போயிருந்தால் தேடித் தரும், ஃபைல்களும் பெயரோடு கிடைக்கும். அதில் சரிவராவிட்டால் மட்டும் போட்டோரெக். இரண்டுமே கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியவை. எந்த ஃபைல் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபைல் அமைப்பையே போட்டோரெக் பார்ப்பதில்லை. ஜேபெக் படம் எப்படித் தொடங்கும், பிடிஎஃப் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் துழாவி எடுக்கிறது. விலை என்னவென்றால் பெயரும் போல்டரும் போய்விடும். எண்களையே பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான ஃபைல்கள் முன்னால் கிடக்கும். கேமரா படங்களுக்குள் எடுத்த தேதி பதிவாகியிருப்பதால் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கிவிடலாம். பெரிய வீடியோக்கள் துண்டுதுண்டாகச் சிதறி இருந்திருந்தால் பெரும்பாலும் ஓடாது. கல்யாண வீடியோ வைத்திருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு தலைவலி, டிடிபி சென்டர் காலத்து வேர்டு ஃபைல்கள். யுனிகோடுக்கு முந்தைய பாணியிலான பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும். யுனிகோடில் ‘கிரயப் பத்திரம்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. தேடும் சொல்லை முதலில் எழுத்துரு மாற்றியில் பாமினியாக்கி, அதைக் கொடுத்துத் தேட வேண்டும். இந்த வித்தையை எந்த ரெக்கவரி கையேடும் சொல்லாது.

இவை எதுவும் பயன்படாத இடங்களும் உண்டு. டிஸ்க் ‘டிக் டிக்’ என்று அடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தூசியில்லா அறை வைத்திருக்கும் லேபுக்கு அனுப்புங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்வதுதான் மிச்சம். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் தவறி அழித்ததை, டிரிம் (அழித்த இடத்தைக் காலி செய்துகொள்ளச் சொல்லும் கட்டளை) ஓடிய பிறகு அனேகமாக மறந்துவிடலாம்.

இப்போதைய லேப்டாப்களில் புதிதாக ஒரு பூட்டும் சேர்ந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல விண்டோஸ் 11 இயந்திரங்களில் டிஸ்க் குறியாக்கம் (டிஸ்கில் உள்ளதைக் கீ இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பது; விண்டோஸில் இதன் பெயர் பிட்லாக்கர்) தானாகவே இயங்குகிறது. பிரதி சுத்தமாக வந்தாலும் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ இல்லாமல் உள்ளே ஒன்றும் தெரியாது. அந்தக் கீ பெரும்பாலும் கணக்கிலேயே சேமிப்பில் இருக்கும். அதனால் யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் நான் கேட்பது, “அந்த மெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குங்களா?”