நான்கு வருடமாக ஒரே ஒயர்: டாக்கிங் ஸ்டேஷன் அனுபவம்

மேசையிலிருந்து லேப்டாப்பைத் தூக்க வேண்டுமென்றால் முன்பெல்லாம் ஆறு இடத்தில் கை வைக்க வேண்டும். சார்ஜர், மானிட்டர், கீபோர்டு, ஒயர்லெஸ் மவுஸின் டாங்கிள் (மவுஸோடு பேசும் குட்டி யுஎஸ்பி துண்டு), நெட் கேபிள், வெளி ஹார்ட் டிஸ்க். திரும்ப வந்து உட்கார்ந்தால் ஆறையும் சொருக வேண்டும். ஒருநாள் அவசரத்தில் ஹார்ட் டிஸ்க்கை எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியதில் பாதி காப்பியாகியிருந்த ஃபோல்டர் ஒன்று திறக்கவே மறுத்துவிட்டது. அன்றைக்குத்தான் ஒரு டாக் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். டாக்கிங் ஸ்டேஷன் என்பதன் சுருக்கம்தான் டாக்: எல்லா ஒயர்களையும் சொருகி வைக்கும் பெட்டி, அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரே ஒயர். நான்கு வருடம் ஓடிவிட்டது. வாங்கிய முதல் வாரத்தில் யாராவது கேட்டிருந்தால் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. இதன் குணம் என்னவென்று தெரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

முதலில் வாங்கியது உண்மையில் டாக்கே அல்ல. டாக் என்று பெயர் போட்ட ஹப், அதாவது ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரிக்கும் சின்னப் பொருள். உள்ளங்கை அளவுதான் இருக்கும், தனி அடாப்டர் கிடையாது. பெட்டியில் 4கே என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். சொருகினேன், படம் வந்தது. பத்து நிமிடத்தில் ஏதோ உறுத்த ஆரம்பித்தது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டு விட்டு நகர்ந்தது. விண்டோவைப் பிடித்து இழுத்தால் தூக்கக் கலக்கத்தில் வருவது போல வந்தது. டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்து பார்த்தேன்: 30 ஹெர்ட்ஸ். நொடிக்கு 30 தடவைதான் படம் புதுப்பிக்கப்படுகிறது, வழக்கமாக 60. பெட்டியைத் திருப்பினால் அடியில் பொடி எழுத்தில் அதே 30 இருந்தது. பொய் சொல்லவில்லை, மெதுவாகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. டைப்-சி துளைக்குள் வேகமான தடங்கள் நான்கு. இந்த மாதிரி ஹப்புகள் இரண்டைப் படத்துக்கும் மீதி இரண்டை யுஎஸ்பி டேட்டாவுக்கும் பிரித்துக்கொள்கின்றன. 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப நொடிக்குச் சுமார் 12 ஜிகாபிட் வேண்டும். படம் அனுப்பும் முறைகளில் பழையதான டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு தடங்கள் சேர்ந்தாலும் 8.6 ஜிகாபிட்டுக்கு மேல் தாங்காது. அதனால் 30-க்கு இறங்கிவிடுகிறது. நான்கு தடத்தையும் படத்துக்கே கொடுத்து 60 காட்டும் ஹப்புகளும் உண்டு. ஆனால் அவற்றில் யுஎஸ்பி பக்கம் பழைய 2.0 வேகத்துக்கு, அதாவது 480 மெகாபிட்டுக்கு, விழுந்துவிடும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அது தாராளம். ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுக்க உட்கார்ந்தால் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் கோடு பாதியில்தான் நிற்கும்.

இன்னொரு தலைவலி கரண்ட். ஹப்பின் வழியாக லேப்டாப்பின் 65 வாட் சார்ஜரைக் கொடுத்தேன். ஹப் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் உள்ளே விடுகிறது. 'மெதுவான சார்ஜர்' என்று லேப்டாப் தினமும் புலம்பியது. வீடியோ எடிட் செய்யும் நாளில் சார்ஜர் சொருகியிருக்கும்போதே பேட்டரி சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்த ஹப் இப்போது பயணப் பையில் இருக்கிறது. அந்த வேலைக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவதாக வாங்கியதுதான் இந்த நான்கு வருடத் தோழன்: தண்டர்போல்ட் 4 டாக். தண்டர்போல்ட் என்பது டைப்-சி துளை வழியாகவே படம், டேட்டா, கரண்ட் எல்லாம் வேகமாகப் போகும் இணைப்பு முறை. வாங்கும் முன் நான் பார்த்தது டாக்கை அல்ல, லேப்டாப்பின் துளையை. டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். அதன் வழியாகப் படம் போகுமா, சார்ஜ் ஏறுமா, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். துளைக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட். நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் டைப்-சி இருந்தது, படம் வரவில்லை. டாக் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்து இரண்டாவதும் வாங்கிவிட்டார். அதிலும் வரவில்லை. அந்தத் துளைக்குப் படம் அனுப்பும் வசதியே கிடையாது.

மேக் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். சாதாரண எம்1, எம்2 சிப் போட்ட மேக்புக்குகள் வெளியே ஒரு மானிட்டரைத்தான் ஏற்கும், டாக்கில் எத்தனை துளை இருந்தாலும். அதைத் தாண்ட டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் உதவும். அது படத்தைச் சுருக்கி யுஎஸ்பி டேட்டாவாகவே அனுப்புகிறது. அதற்குத் தனி மென்பொருள் நிறுவ வேண்டும், பிராசஸருக்கும் கொஞ்சம் வேலை வைக்கும், பதிப்புரிமைப் பூட்டுள்ள சினிமாக்கள் சில நேரம் கறுப்பாகவே தெரியும். எழுத்து வேலைக்குப் போதும். என் மனைவியின் அலுவலக லேப்டாப்பில் அந்த மென்பொருளை நிறுவவே அனுமதி இல்லை. அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

சரி, என் டாக்குக்கு வருகிறேன். தண்டர்போல்ட் 4 என்றால் 40 ஜிகாபிட். இரண்டு 4கே மானிட்டர்கள் 60 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன, ஹார்ட் டிஸ்க்கும் தன் வேகத்தில் போகிறது. லேப்டாப்புக்கு 90 வாட் போகிறது. டாக்கை விட அதன் அடாப்டர்தான் பெரிது, செங்கல் மாதிரி. மேசைக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டேன். உலோக உடம்பு நன்றாகவே சூடாகும். முதல் கோடையில் தொட்டுப் பார்த்துப் பயந்தேன், இப்போது பழகிவிட்டது. நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்த பிறகு கொஞ்சம் தேவலை. ஆடியோ ஜாக்கும் மெமரி கார்டு துளையும் இருக்கின்றன, வேலை செய்கின்றன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் மர்மம் மூன்றாவது மாதம் வந்தது. மவுஸ் அம்புக்குறி திடீர் திடீரென்று நொண்ட ஆரம்பித்தது. பேட்டரி மாற்றினேன். மவுஸ் பேட் மாற்றினேன். ஒருநாள் கவனித்தபோதுதான் தெரிந்தது, ஹார்ட் டிஸ்க் ஓடும்போது மட்டும்தான் நொண்டுகிறது. டாங்கிளும் ஹார்ட் டிஸ்க்கும் அடுத்தடுத்த துளைகளில் இருந்தன. யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறது. ஒயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். ஒரு அடி நீள யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரில் டாங்கிளைத் தள்ளி வைத்தேன். நொண்டல் நின்றது. புது மவுஸ் பேட் மட்டும் மிச்சம்.

இரண்டாவது மர்மம் வீட்டையே படுத்தியது. மதியம் நான் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, "அப்பா, நெட் போச்சு" என்று உள்ளறையிலிருந்து குரல் வரும். ரௌட்டரை அணைத்துப் போடுவேன். சில நாள் வரும், சில நாள் வராது. சாப்பிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். இணைப்புக் கொடுத்தவர்களுக்கு இரண்டு தடவை போன் செய்து சண்டை போட்டேன், அது இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒருநாள் நெட் போன நேரத்தில் டாக்கின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். லேப்டாப் மூடித் தூங்குகிறது, நெட் கேபிள் துளையின் விளக்கு மட்டும் வெறி பிடித்த மாதிரி மின்னுகிறது. கேபிளைப் பிடுங்கினேன். அடுத்த நொடி உள்ளறையில் யூடியூப் ஓட ஆரம்பித்தது.

டாக்குக்குள் இருக்கும் நெட்வொர்க் சிப், லேப்டாப் தூங்கிவிட்டாலும் விழித்திருக்கிறது. வரும் டேட்டாவை வாங்கிக்கொள்ள ஆளில்லை, அதன் சின்ன நினைவகம் நிரம்புகிறது. நிரம்பியதும் 'கொஞ்சம் பொறு' என்று எதிர்முனைக்குச் சொல்லும் சின்னச் செய்திகளை, அதாவது பாஸ் (pause) ஃபிரேம்களை, நிற்காமல் அனுப்புகிறது. எதிரில் இருந்த, நெட் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் என் மலிவான ஸ்விட்ச் அதைக் கேட்டு மரியாதையாகப் பொறுத்திருந்ததில் அதில் மாட்டிய மற்ற எல்லாமே நின்றுபோயின. இப்படிப் பொறுத்திருக்கும் ஏற்பாட்டை, அதாவது ஃப்ளோ கன்ட்ரோலை, அணைக்கும் வசதியுள்ள ஸ்விட்ச் ஒன்று வாங்கி, அதை அணைத்தேன். அதற்குப் பிறகு இந்தத் தொல்லை வரவே இல்லை. டாக் வாங்கிய பிறகு வீட்டில் காரணமே தெரியாமல் நெட் போனால் முதலில் இந்தக் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். என்னைப் போல் யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள்.

தூக்கத்திலிருந்து எழுப்பும்போது ஒரு மானிட்டர் மட்டும் எழாமல் இருப்பது இன்னும் மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. முன்பு வாரத்துக்கு இரண்டு முறை. டாக்குக்குள் இருக்கும் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) அப்டேட் போட்ட பிறகு குறைந்தது. நடந்தால் டாக்கின் அடாப்டரைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டுச் சொருகுவேன், வந்துவிடும். திறந்திருந்த விண்டோக்கள் எல்லாம் லேப்டாப் திரையில் கூட்டமாகக் குவிந்து கிடக்கும், அவற்றை அவரவர் இடத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும்.

கேபிள் விஷயத்தில் ஒருமுறை ஏமாந்தேன். டாக்கோடு வந்த ஒயர் முக்கால் மீட்டர்தான். லேப்டாப்பை மேசையின் மறுபக்கம் வைக்க ஆசைப்பட்டு, வீட்டில் கிடந்த இரண்டு மீட்டர் டைப்-சி ஒயரைப் போட்டேன். சார்ஜ் ஏறியது, மானிட்டர் இரண்டும் கறுப்பு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அது சார்ஜுக்கான ஒயர், உள்ளே வேகத் தடங்களே இல்லை. பிறகு தண்டர்போல்ட் 4 குறி போட்ட இரண்டு மீட்டர் கேபிள் வாங்கினேன். விலையைப் பார்த்து ஒரு வாரம் யோசித்துத்தான் வாங்கினேன், ஆனால் அதில் ஒரு குறையும் இல்லை.

டைப்-சி இணைப்பு பத்தாயிரம் தடவை சொருகத் தாங்கும் என்பது கணக்கு. தினம் ஒரு தடவை என்றால் 27 வருடம். என் லேப்டாப் துளை மூன்றாம் வருடமே லூசானது போல ஆடியது, கொஞ்சம் அசைந்தால் இணைப்பு விட்டது. துளை தேய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பையின் பஞ்சு அடைத்து இறுகிக் கிடந்தது. லேப்டாப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல நெம்பி எடுத்தேன், ஒரு மிளகு அளவுக்கு வந்தது. கிளிக் என்ற பழைய சத்தம் திரும்பிவிட்டது.

போன மாதம் லேப்டாப்பை மாற்றினேன், வேறு கம்பெனி. அடிப்பக்கம் வைத்து அழுத்தும் அந்தக் காலத்து டாக்காக இருந்தால் லேப்டாப்போடு அதையும் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். இதில் ஒயரைச் சொருகினேன், மானிட்டர்கள் எரிந்தன, கீபோர்டு எரிந்தது, வேலையைத் தொடர்ந்தேன். தீராத ஒன்றே ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. லேப்டாப்பை மூடியே வைத்து வேலை செய்பவன் நான். இந்த டாக்கில் லேப்டாப்பை ஆன் செய்யும் பட்டன் இல்லை. தினமும் காலையில் மூடியைத் திறந்து, பவர் பட்டனை அழுத்திவிட்டு, திரும்ப மூடுகிறேன்.