சாதாரண காயமா, கொடுங்காயமா?

அடித்ததில் உடம்பெல்லாம் கன்றிப்போயிருக்கலாம், நாலு தையலும் விழுந்திருக்கலாம். எலும்பு முறியாவிட்டால் பெரும்பாலும் அது சாதாரண காயம்தான். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 115(2): ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. தமிழ்நாட்டில் பலர் எஃப்.ஐ.ஆர். இல்லாமல், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொடுங்காயத்துக்கு 117(2): ஏழாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. எவை கொடுங்காயம் என்று 116 எட்டு வகை சொல்கிறது. பார்வை, செவி நிரந்தரமாகப் போவது, முகம் நிரந்தரமாக உருக்குலைவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது இடம்பெயர்வது அவற்றில் சில. ஆம், ஒரு பல் போதும்.

அதிகம் தடுமாறுவது எட்டாவது வகையில். உயிருக்கு ஆபத்து இல்லையென்றால், 15 நாள் கடும் வலி இருந்ததையோ அன்றாட வேலை செய்ய முடியாததையோ காட்ட வேண்டும் (பழைய சட்டத்தில் 20 நாள்). வார்டில் 15 நாள் படுத்திருந்தது மட்டும் போதாது. எலும்பு முறிவு என்றால் எக்ஸ்ரே, அதைப் படித்த மருத்துவரின் அறிக்கை, காயச் சான்றிதழ் மூன்றும் கைவசம் இருக்கட்டும். எக்ஸ்ரே இல்லாமல் 'முறிவு' என்று எழுதிய சான்றிதழ் குறுக்கு விசாரணையில் நிற்பது கடினம்.

கத்தி போன்ற ஆயுதம் வந்தால் கணக்கே வேறு: பிரிவு 118.