மேடையிலிருந்து ரேடியோவுக்கு: ஆலிஸ் கூப்பர் வழியா, ஜார்விஸ் காக்கர் வழியா?

ராக் பாடகர் ஒருவர் ரேடியோவுக்கு வந்தால் எப்படி வரலாம் என்பதற்கு இந்த இருவரும் நல்ல உதாரணம்.

கூப்பர் 2004-ல் அமெரிக்காவில் தன் ரேடியோ நிகழ்ச்சியை ஆரம்பித்தார். ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர் நிலையங்கள் வாங்கி ஒலிபரப்பும் முறை. இரவில் கிளாசிக் ராக், நடுவில் அவருடைய பழைய கதைகள், அப்புறம் விளம்பரம். அவர் பெயருக்காகவே கேட்பார்கள், அதில் தப்பில்லை.

பிரிட்டனின் பல்ப் ராக் குழுவின் பாடகர் காக்கர் 2010 முதல் 2017 வரை பிபிசி 6 மியூசிக் என்ற ரேடியோ நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். பிபிசி, டிவி பார்க்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பதால் அங்கே விளம்பர இடைவேளை கிடையாது, அதனால் பாட்டு முடிந்ததும் அவசரமே இல்லாமல், மைக்குக்கு மிக அருகில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல மெதுவாகப் பேச முடிந்தது. மேடையில் கடைசி வரிசை வரைக்கும் எட்ட வேண்டிய குரல், ரேடியோவில் ஒரே ஒருவருக்கு எட்டினால் போதும். பாடகர்களுக்கு இந்தக் குரலைத் தணிப்பதுதான் பெரிய வேலை என்று நினைக்கிறேன், காக்கருக்கு அது அழகாக வந்தது.

எனக்குக் காக்கர் வழிதான் பிடிக்கும். ஆனால் இன்னும் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவருக்குக் கூப்பர் வழிதான் தோது, முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பிவிடலாம்.