இமயமலைக்குப் பிள்ளையை அனுப்ப: டார்ஜிலிங் பயிற்சியா, சார் பாஸ் நடையா?

பிளஸ் டூ முடித்த பிள்ளை மலையேறப் போகிறேன் என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் பேச்சில் வரும்.

டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்ற நிறுவனம் 1954-இல் தொடங்கியது. எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட இருவரில் ஒருவரான டென்சிங் நோர்கே அங்கே பயிற்சி இயக்குநராக இருந்தவர். அடிப்படைப் பயிற்சி 28 நாள். பாறை ஏறுவது, கயிறு கட்டுவது, பிறகு சிக்கிமில் பனிப்பாறை மேல் நடப்பது, பனிக்கோடரியால் சறுக்கலை நிறுத்துவது என்று போகும். கனமான மூட்டையைத் தானே சுமக்க வேண்டும். கடைசியில் தரமும் போடுவார்கள். 'ஏ' கிடைத்தால்தான் மேல்நிலைப் பயிற்சி. சொகுசுக்கு இடமே இல்லை.

யூத் ஹாஸ்டல்ஸ் அமைப்பின் சார் பாஸ் நடை வேறு ரகம். இமாச்சலப் பிரதேசத்தின் கசோல் என்ற ஊரில் கூடி, உடலைப் பழக்கிக்கொண்டு, முகாம் முகாமாக ஏறி, சுமார் 13,800 அடியில் சார் பாஸ் என்ற கணவாயைக் கடக்கிறார்கள். செலவு குறைவு, தேர்வு கிடையாது. இரவில் பாட்டும் கூத்தும் உண்டு, ஆனால் விறகு எரிக்காத 'கேம்ப் ஃபயர்'!

தொழில்நுட்பம் வேண்டுமென்றால் டார்ஜிலிங்தான். ஆனால் இதுவரை ஒரு குன்றுகூட ஏறாதவரை நேராக அங்கே அனுப்பமாட்டேன். முதலில் கசோல், அப்புறம் பார்க்கலாம்.